பாட்காஸ்ட்டுக்காக வேலையை விடலாமா? 350 பேர் கேட்கிறார்கள்

பாதியில் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார், வயது 29. ஒன்றரை வருடமாகக் கைத்தொழில்காரர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்துத் தமிழில் பாட்காஸ்ட் போடுகிறார். சிறுமுகை நெசவு, பவானி ஜமக்காளம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய் என்று இதுவரை 41 எபிசோட். ஒவ்வொன்றையும் சராசரியாக 350 பேர் கேட்கிறார்கள். இது பொழுதுபோக்காகவே இருந்துவிட்டுப் போகட்டுமா, இல்லை வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கிவிடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு விடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். 350 என்ற எண்ணைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருந்தது, "ரெக்கார்டிங் போகும் நாள் எனக்குத் திருவிழா மாதிரி, எடிட்டிங்தான் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது" என்று. அந்த வரியைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் யார் என்று ஒரு வார்த்தை. எட்டு வருடமாக மற்றவர்களுடைய பாட்காஸ்ட்டை எடிட் செய்து கொடுப்பதுதான் எனக்குச் சோறு. சொந்தமாகவும் ஒன்று நடத்துகிறேன், அதில் இதுவரை ஒரு பைசா வந்ததில்லை, வர வைக்க முயற்சி செய்ததும் இல்லை. அதனால் ஒரே மேசையில் ஒரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையில் தொழிலும் ராத்திரியில் பொழுதுபோக்குமாக இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த 350. அதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பாட்காஸ்ட் ஃபைல்களைச் சேமித்து வெளியிட்டுக் கொடுக்கும் பஸ்ஸ்பிரவுட் என்ற நிறுவனம் தன்னிடம் உள்ள பாட்காஸ்ட்களின் மொத்தக் கணக்கைப் பொதுவில் போட்டு வைத்திருக்கிறது. அதன்படி ஒரு எபிசோட் வெளியான முதல் 7 நாளில் ஏறக்குறைய 30 டவுன்லோடைத் தாண்டினாலே அங்கிருக்கும் பாதிப் பேரை முந்திவிடலாம். ஒரு கல்யாண மண்டபத்தில் 350 பேர் உட்கார்ந்து, ஒரு நெசவாளி சாயம் போடுவதைப் பற்றிப் பேசுவதை 40 நிமிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தி போடாமல் அத்தனை பேரை அவ்வளவு நேரம் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் அது 350 டவுன்லோடா, 350 காதா என்று பாருங்கள். விளம்பரத் துறை ஏற்றுக்கொண்டிருக்கும் ஐஏபி (இணைய விளம்பர நிறுவனங்களின் சங்கம்) அளவுகோலில் ஒரு நிமிட ஆடியோ இறங்கிவிட்டாலே அது ஒரு டவுன்லோட். யாராவது கேட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. 2023-ல் ஐபோனின் ஐஓஎஸ் 17 மென்பொருள் வந்தபோது, கேட்காமல் குவிந்து கிடக்கும் எபிசோட்களைத் தானாக இறக்குவதை ஆப்பிள் குறைத்தது. பலருடைய எண்கள் மளமளவென்று சரிந்தன, இத்தனைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் போய்விடவில்லை. எனவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிளிலும் அது இருக்கிறது. முதல் மூன்று நிமிடத்தில் கோடு செங்குத்தாக விழுகிறது என்றால் உங்கள் முன்னுரை நீளம் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

சரி, காசு. விளம்பரத்தில் ஆயிரம் டவுன்லோடுக்கு 300 ரூபாய் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 4 எபிசோட், எபிசோடுக்கு 350, மொத்தம் 1,400. கைக்கு வருவது 420 ரூபாய். நீங்கள் பவானிக்குப் போய் வந்த பெட்ரோலுக்கும் வழியில் குடித்த டீக்கும் அது காணாது. நேயர்கள் பத்து மடங்கு ஆனாலும் 4,200 தான். தமிழில் பாட்காஸ்ட் செய்பவர்கள் நிறையப் பேர் இந்தக் கணக்கைப் போடாமலேயே "ஆடியன்ஸ் வளர்ந்தால் காசு தானாக வரும்" என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, அப்புறம் மனசு விட்டுப்போய் நிறுத்துகிறார்கள்.

அடுத்த கணக்கு நேரம், இதில்தான் விஷயமே இருக்கிறது. ஆளைப் பிடிக்க மூன்று நான்கு போன், போய் வர அரை நாள், ரெக்கார்டிங் ஒன்றரை மணி நேரம், அதை 40 நிமிடமாக்க எடிட்டிங் 6 மணி நேரம், தலைப்பு, குறிப்பு, படம், ரீல்ஸுக்குத் துண்டு வெட்டுவது என்று கூட்டினால் உங்கள் மாதிரி நிகழ்ச்சிக்கு எபிசோட் ஒன்றுக்கு 16 மணி நேரம் ஆகும். 41 எபிசோட் என்றால் 656 மணி நேரம். அதில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசியது எவ்வளவு? அறுபது மணி நேரம் போல இருக்கும். நீங்கள் திருவிழா என்று சொல்வது அந்த அறுபதைத்தான். தொழிலாக எடுத்துக்கொண்டால் அந்த அறுபது கூடப்போவதில்லை, சொல்லப்போனால் குறையும். மீதியோடு ஸ்பான்சருக்குப் போன் போடுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, அனுப்பிய இன்வாய்ஸுக்கு நினைவூட்டல் அனுப்புவது, இதெல்லாம் சேரும்.

ஒருமுறை பவானியில் ஒரு ஜமக்காள நெசவாளியின் பேட்டி, வேறொருவருக்காக நான் உதவிக்குப் போயிருந்தேன். பெரியவர் எங்களைப் பார்த்ததும் மரியாதைக்குத் தறியை நிறுத்திவிட்டார். பேட்டி எடுப்பவருக்கும் சந்தோஷம், சத்தம் இல்லை பாருங்கள். இருபது நிமிடம் ஓடியது. கேட்டதற்கு "ஆமாங்க", "இல்லைங்க", "அப்பா காலத்துல இருந்து பண்றோங்க", அவ்வளவுதான். அப்புறம் நான்தான் "ஐயா, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நாங்க பக்கத்துல உட்கார்ந்துக்கறோம்" என்று சொல்லி, சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு காலர் மைக்கைக் குத்தினேன். கால் மிதியில் பட்டதும் வாய் திறந்துகொண்டது. எந்தக் கூலிக்கு எத்தனை கஜம் நெய்தார், எந்தத் தீபாவளிக்கு நூல் கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியும் தறியில் இருந்தது என்று ஒரு மணி நேரம் நிற்காமல் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் ஒரு 'கடக்'. சத்தத்தை நீக்கும் மென்பொருளில் போட்டால் பெரியவர் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் கையாலேயே, ஒவ்வொரு அடியாக, சொல்லின் மேல் விழுந்ததைக் குறைத்து, இரண்டு சொல்லுக்கு நடுவில் விழுந்ததை அப்படியே விட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். முடித்தபோது தறிச் சத்தம் அவருக்குத் தாளம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு ராத்திரியும் எனக்கு அலுக்கவில்லை. தொழிலா இல்லையா என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான், நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதில் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வருமான வரித்துறையே கேட்கும், தெரியுமா? நஷ்டத்தைக் கணக்கில் காட்டி வரியைக் குறைக்கப் பார்த்தால், "இது உன் தொழிலா, பொழுதுபோக்கா?" என்பார்கள். 5 வருடத்தில் 3 வருடம் லாபம் காட்டியிருந்தால் தொழில் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் சில விஷயங்களைப் பார்ப்பார்கள்: முறையாகக் கணக்கு வைத்திருக்கிறாயா, எவ்வளவு உழைப்பு போடுகிறாய், விஷயம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டாயா, நஷ்டம் வந்தபோது முறையை மாற்றிப் பார்த்தாயா, இதிலிருந்து வரும் காசை நம்பித்தான் பிழைக்கிறாயா, இதில் சொந்தச் சந்தோஷம் எவ்வளவு. நமக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அதிலும் "நஷ்டம் வந்தபோது முறையை மாற்றினாயா" என்ற ஒன்று போதும். 41 எபிசோடில் நேயர் சொன்னதைக் கேட்டு, பிடிக்காவிட்டாலும், எதையாவது மாற்றினீர்களா? "என் நிகழ்ச்சி, என் இஷ்டம்" என்று இருந்தால் அது பொழுதுபோக்கு. அதில் ஒரு தப்பும் இல்லை, சொல்லப்போனால் அது ஒரு ராஜ வாழ்க்கை. ஆடி மாதம் தெருக்கோடிக் கோயிலில் ஸ்பீக்கர் கட்டினால் அந்த வாரம் லீவு விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது, ஸ்பீக்கர் ஓயும்வரை காத்திருந்து ராத்திரி 11 மணிக்கு மேல்தான் குரல் பதிவு.

பாட்காஸ்டிங் என்ற சொல்லே அமெச்சூர் வானொலியைப் பற்றிய கட்டுரையில் பிறந்ததுதான். 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் கார்டியன் பத்திரிகையில், ஆளாளுக்கு வீட்டிலிருந்தே ஒலிபரப்புகிறார்களே, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு மூன்று பெயரைப் போகிறபோக்கில் எழுதினார், அதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. காசெல்லாம் பின்னால் வந்தது. வந்த காசும் நிலையாக நின்றதா என்றால் இல்லை. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை கிம்லெட், ஆங்கர் என்று இரண்டு பாட்காஸ்ட் நிறுவனங்களை வாங்கியது, அதே மாதம்தான் இந்தியாவுக்கும் வந்தது. 2023 ஜூனில் தன் பாட்காஸ்ட் பிரிவில் மட்டும் சுமார் 200 பேரை வீட்டுக்கு அனுப்பியது. சம்பளத்துக்கு இருந்தவர்களுக்கே அந்த நிலைமை.

அப்படியானால் இதில் யார்தான் பிழைக்கிறார்கள்? நான் பார்த்தவரை பாட்காஸ்ட்டை விற்றுப் பிழைப்பவர்கள் கொஞ்சம் பேர், பாட்காஸ்ட்டை வாசலாக வைத்து உள்ளே வேறொன்றை விற்பவர்கள் நிறையப் பேர். அமித் வர்மா 2017 முதல் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' என்று ஆங்கிலத்தில் நடத்துகிறார். குட்டி எபிசோடாக ஆரம்பித்து, இப்போது ஒரே பேட்டி பல மணி நேரம் போகிறது. அதைக் கேட்பவர்களுக்கு அவருடைய எழுத்துப் பயிற்சி வகுப்பின் அறிவிப்பும் பழகிப்போன ஒன்று. அஞ்சு மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்டவருக்கு அவரிடம் படிக்கலாம் என்ற நம்பிக்கை வந்துவிடும் அல்லவா? தமிழில் தீபிகா அருணின் 'கதை ஓசை'யை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நாவலைக் குரலில் வாசிப்பதே ஒலிநூல் என்ற சரக்காக நிற்கிறது. உங்களிடம் என்ன சரக்கு இருக்கிறது? என் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது: 41 கைத்தொழில் குடும்பங்களின் போன் நம்பரும் அவர்களுடைய நம்பிக்கையும். கைத்தறிக் கடை வைத்திருப்பவருக்கு 350 பொத்தாம்பொதுவான காதுகளைவிட, பத்தமடைப் பாயைப் பற்றி 40 நிமிடம் கேட்கிற 350 பேர் பெரிசு. அவரிடம் ஆயிரத்துக்கு இத்தனை என்று பேசாதீர்கள். எபிசோடுக்கு இவ்வளவு, மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எபிசோடுக்கு 3,000 கிடைத்தாலும் மாதம் 12,000 ஆயிற்று, மேலே போட்ட 420-ஐ ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கைத்தொழில்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு அவரையே பேட்டி எடுக்காதீர்கள். அன்றோடு நிகழ்ச்சி செத்தது.

இன்னொரு வழி நான் செய்வது: மருத்துவமனை, கல்லூரி, கம்பெனி என்று பாட்காஸ்ட் வேண்டும் என்பவர்களுக்குத் தயாரித்துக் கொடுப்பது. குக்கூ எஃப்எம், பாக்கெட் எஃப்எம் மாதிரி ஒலிக்கதைச் செயலிகள் வந்தபிறகு தொடர் எழுதுவது, குரல் கொடுப்பது, எடிட் செய்வது என்றும் வேலைகள் கிளைத்திருக்கின்றன. இது வேலைதான், சம்பளம்தான், ஆனால் நெசவாளியைத் தேடிப் போகும் வேலை இல்லை. பெரும்பாலும் யாரோ ஒரு மேனேஜர் 'அதாவது வந்து' என்று நூற்றுப்பத்து தடவை சொன்னதை வெட்டி எடுக்கும் வேலை. முன்பு ஒரு நிறுவனம் 10 எபிசோட் என்று பேசி, மூன்றோடு நிறுத்தி, அந்த மூன்றுக்கும் நான்கு மாதம் கழித்துத்தான் காசு கொடுத்தது. அன்றிலிருந்து பாதி முன்பணம் வாங்காமல் ஃபைலைத் திறப்பதில்லை.

யூடியூபில் வீடியோவாகப் போடச் சொல்லி ஏற்கனவே பத்துப் பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது, கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியையே 2024-ல் மூடிவிட்டு எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் தள்ளிவிட்டார்கள். கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 8 நிமிடம் பார்க்கிறார் என்றால் 30,000 பார்வை, வருடத்துக்கு 48 எபிசோட் போட்டால் ஒன்றுக்கு 625. எட்டாத உயரம் இல்லை. ஆனால் வீடியோ என்றதும் வெளிச்சம், இரண்டாவது கேமரா, பின்னால் தொங்கும் காலண்டர் எல்லாம் உங்கள் கவலையாகிவிடும், அதைவிட முக்கியம், கேமராவைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். உங்கள் நிகழ்ச்சிக்கு அது ஒத்துவருமா என்று இரண்டு எபிசோட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் ஆர்எஸ்எஸ் ஃபீடை (எபிசோட்களை எல்லாச் செயலிகளுக்கும் கொண்டுபோகும் இணைப்பை) உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் சேனலாவது இருக்கட்டும். செயலிகள் வரும், போகும்.

வரி விஷயம் சுருக்கமாக. இது உங்கள் சம்பளத்தோடு சேரும் வருமானம், கணக்கில் காட்டத்தான் வேண்டும். சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவுக்கு அவசரமில்லை. யூடியூபில் வரிப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்கில் மட்டும் 15% பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24% வரை பிடிக்க வாய்ப்பிருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து, ஒரு நிறுவனம் விளம்பரத்துக்காக உங்களுக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசப் பொருள் கொடுத்தாலும் அதற்கு 10% டிடிஎஸ் உண்டு. மீதியை ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். அப்புறம், உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். 2022-ல் விப்ரோ 300 பேரை நீக்கியது போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததற்காக, உங்கள் கதை வேறு. இருந்தாலும் எச்ஆர் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஒரு மின்னஞ்சலில் சொல்லி அனுமதி வாங்கிவிடுவது நிம்மதி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ஆறு மாதம், வேலையை வைத்துக்கொண்டே, இதைத் தொழில் மாதிரி நடத்துவேன். வெளியிடும் கிழமை மாறக்கூடாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரம், செலவு, வரவு மூன்றையும் எழுதுவேன். பத்துக் கடைக்காரர்களை நேரில் பார்த்து ஸ்பான்சர் கேட்பேன், பத்துப் பேரும் இல்லை என்று சொல்லட்டும், கேட்கவாவது வாய் வருகிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு நடுவில் எந்த வேலை தள்ளிப் போகிறது என்று பார்ப்பேன். எடிட்டிங் அப்போதும் தள்ளிப் போனால், ஒரு எபிசோடை வெளியில் யாரிடமாவது காசு கொடுத்து எடிட் செய்யச் சொல்லிப் பாருங்கள். அந்தச் செலவைச் சுமக்கும் அளவுக்கு ஸ்பான்சர் கிடைத்தால் விஷயம் வேறு, நீங்கள் பேசுபவராக மட்டும் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மாதம் 4-ஐ மாதம் 1 ஆக்கிவிட்டு நிம்மதியாக நடத்துங்கள். ஆறு மாதக் கடைசியில் இதிலிருந்து வருவது உங்கள் வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டு, வங்கியில் 12 மாதச் செலவுக்குப் பணமும் இருந்தால், அப்போது மறுபடி கேளுங்கள், அன்றைக்கு என் பதில் வேறாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லிங்க் கொடுத்திருந்த குத்துவிளக்கு எபிசோடைக் கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து ஒரு 'ம்ம்ம்' ஓடுகிறதே, அது மைக்கின் கோளாறு இல்லை, மேலே ஓடும் மின்விசிறி. வெயில் காலத்தில் அதை நிறுத்தச் சொல்ல மனசு வராது, புரிகிறது. அடுத்த முறை பேட்டிக்கு முன்னால் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் 30 விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் அந்தத் துண்டை மாதிரியாகக் காட்டி நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் முக்கால்வாசி போய்விடும், 6 டெசிபலுக்கு மேல் மட்டும் இழுக்காதீர்கள்.